ஊரே மலையேறும் மே மாதத்தில் நீங்கள் கீழே இறங்குங்கள்

கேள்வி:

மேடம், எனக்கு 36 வயது. கோத்தகிரியில் ஒரு பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். இரண்டு வருடமாகக் காலையில் ஓடுகிறேன். போன டிசம்பரில் 10 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றை 1 மணி 12 நிமிடத்தில் முடித்தேன். இப்போது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கிற டிரையத்லான் போட்டி மேல் ஆசை பிடித்துக்கொண்டது. நீச்சல் சுத்தமாகத் தெரியாது. வீட்டில் கணவருடைய பழைய சைக்கிள், தடித்த டயரும் கியரும் உள்ளது, தூசி படிந்து நிற்கிறது. என் தம்பியோ, "மலையில் இருக்கிறவங்களுக்கு நுரையீரல் பலம் ஜாஸ்தி, நேரா கோவா போட்டிக்கே பேர் கொடு, ஒரு லட்சத்துக்கு ரோடு பைக் வாங்கிடு" என்கிறான். இறக்கத்தில் ஓடினால் வலது முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. இங்கே எனக்குத் தோதான நீச்சல் குளம் இல்லை. கோவையில் அக்கா வீடு இருக்கிறது, ஆனால் வாராவாரம் போக முடியாது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அப்பா விஷயத்தைப் பேசிவிடுவோம். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், மருத்துவர்கள் அதை உங்கள் கணக்கிலும் எழுதுவார்கள். இரண்டு வருடமாக ஓடுகிறேனே, ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பீர்கள். நல்ல விஷயம்தான். ஆனாலும் ஒரு நாள் லீவு போட்டு இதய மருத்துவரைப் பாருங்கள். ஈசிஜி போதுமா, எக்கோ வேண்டுமா, டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். "தண்ணீரில் இறங்கி நீந்தப் போகிறேன்" என்பதை மட்டும் அவரிடம் சொல்ல மறக்காதீர்கள். டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த திடீர் மரணங்களில் பெரும்பகுதி நீச்சலின்போது நேர்ந்தவை. தரையில் மூச்சு முட்டினால் உட்கார்ந்துவிடலாம், தண்ணீரில் உட்கார இடம் ஏது? கையோடு ஹீமோகுளோபினும், உடம்பில் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துவிடுங்கள். "காரணமே இல்லாமல் களைப்பு" என்று என் கிளினிக்குக்கு வரும் பெண்களில் பலருக்குக் காரணம் இரும்புச்சத்துதான்.

அது முடிந்ததும் தம்பிக்கு வருவோம். அவர் சொன்னதில் கால் பங்கு உண்மை. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். உடம்பு அதற்குப் பழகியிருக்கிறது, அதனால் கீழே இறங்கி ஓடும்போது முதல் சில கிலோமீட்டர் யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போல இருக்கும். ஆனால் ரத்தத்தில் சிவப்பணு நன்றாகக் கூடும் அளவுக்குக் கோத்தகிரி உயரம் போதாது. 2,000 மீட்டரைத் தாண்டிய உயரத்தில்தான் அந்த மாற்றம் சொல்லிக்கொள்ளும்படி இருக்கும், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். மலையில் இன்னொரு நஷ்டம் இருக்கிறது, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஏறினால் மெதுவாகத்தான் ஓட முடியும், இறங்கினால் பிரேக் போட்டபடியே ஓடுவோம். வேகமாக, சீராக, ஒரே தாளத்தில் 20 நிமிடம் கால் வைத்துப் பழக இங்கே இடமில்லை. கொடைக்கானல்காரர்களுக்காவது ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் சமதளச் சாலை இருக்கிறது. நமக்கு அதுவும் இல்லை.

மலை உங்களுக்கு ஏறும் காலையும் பொறுமையையும் கொடுத்திருக்கிறது. தண்ணீர், சமதளம், வெயில் மூன்றையும் கொடுக்கவில்லை. டிரையத்லானில் கேட்பதோ அந்த மூன்றைத்தான். பணத்தையும் நேரத்தையும் எங்கே கொட்டுவது என்பதை இந்தக் கணக்கு வைத்தே முடிவு செய்யுங்கள்.

கோவா பற்றி. 2019-லிருந்து அங்கே நடக்கிற அயர்ன்மேன் 70.3-ஐத்தான் தம்பி சொல்கிறார் என்று நினைக்கிறேன். அந்த எண் மைல் கணக்கு. கடலில் 1.9 கிலோமீட்டர் நீந்தி, 90 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதன் பிறகு 21.1 கிலோமீட்டர் ஓட வேண்டும். மொத்தம் 113 கிலோமீட்டர். குளத்தில் கால் நனைக்காத ஒருவரை அதற்குப் பெயர் கொடுக்கச் சொல்வது, கியர் மாற்றத் தெரியாதவர் கையில் மலைப்பாதை லாரியின் சாவியைக் கொடுப்பது போல. நீங்கள் பார்க்க வேண்டியது ஸ்பிரிண்ட் என்கிற தூரம். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். அதிலும் பாதி தூரத்தில் சூப்பர் ஸ்பிரிண்ட் என்று வைக்கிறார்கள். கிடைத்தால் முதல் போட்டியாக அதையே எடுத்துக்கொள்ளுங்கள், கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஒலிம்பிக்கில் நடப்பது இதற்கு அடுத்த படி, 1.5, 40, 10. சிட்னியில் 2000-ல்தான் அது முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது. நீங்கள் 10 கிலோமீட்டர் ஓடிய நேரத்தை வைத்துப் பார்த்தால் ஸ்பிரிண்டின் ஓட்டமும் சைக்கிளும் உங்களுக்கு இன்றைக்கே எட்டும். மிச்சம் நிற்பது அந்த 750 மீட்டர் தண்ணீர் மட்டும்.

அதனால் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் நீச்சல் கற்றது 38 வயதில். குன்னூரில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தண்ணீர் என்றால் குழாயும் மழையும்தான். முதல் நாள் கழுத்தளவு ஆழத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னிடம் கோச் கையைக் காலை அசைக்கச் சொல்லவே இல்லை. "முகத்தை உள்ளே வச்சு மூச்சை விடுங்க, குமிழி வரணும்" என்றார். அவ்வளவுதான் பாடம். நான் முகத்தை வைத்தேன், மூச்சை இறுக்கிப் பிடித்தேன், தலையைத் தூக்கி 'ஹா' என்று இழுத்தேன், மூக்கில் தண்ணீர் ஏறியது. எல்லாருக்கும் நடப்பது இதுவே. மூச்சு முட்டுவது காற்று போதாமல் என்று நினைக்கிறோம். உள்ளே இருக்கிற பழைய காற்றை வெளியே விடாததால்தான் முட்டுகிறது. முகம் தண்ணீருக்குள் இருக்கும் வரை மூக்கிலும் வாயிலும் மெல்ல விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி விட்டிருந்தால் முகம் வெளியே வரும்போது உள்ளே இழுக்க மட்டும்தான் வேலை இருக்கும்.

இந்தப் பாடத்துக்குக் குளமே தேவையில்லை. இன்று இரவே ஆரம்பியுங்கள். அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர், நீச்சல் கண்ணாடி, பக்கத்தில் ஒரு துண்டு. முகத்தை முழுக்க வைத்து ஐந்து எண்ணும் வரை குமிழி விடுங்கள், முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி ஒரு மூச்சு எடுங்கள், மறுபடி உள்ளே. தலையைத் தூக்காதீர்கள், திருப்புங்கள். குளத்தில் தலை தூக்கினால் இடுப்பு தாழும், இடுப்பு தாழ்ந்தால் கால் தாழும், அப்புறம் நீச்சல் என்பது மேட்டில் ஏறுவது மாதிரி ஆகிவிடும். தினம் ஐந்து நிமிடம். பேசினுக்குள் முகத்தை விடுகிற அம்மாவைப் பார்த்து வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இனி அக்கா வீடு. வாராவாரம் போக முடியாது என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் பெரியவர்களுக்கு வாரம் ஒரு நாள் நீச்சல் வகுப்பு சரிப்பட்டு வருவதில்லை. ஆறு நாளில் உடம்பு எல்லாவற்றையும் மறந்து, ஏழாம் நாள் பயம் புதிதாக வந்து நிற்கும். தொடர்ந்து 20 நாள் தினமும் இறங்கினால் பயம் நாலாம் ஐந்தாம் நாளே அலுத்துப் போய்விடும். உங்களிடம் அந்த 20 நாள் இருக்கிறது: கோடை விடுமுறை. சமவெளிக்காரர்கள் எல்லாம் மலர்க் கண்காட்சிக்கு மேலே ஏறி வரும் அதே மே மாதத்தில் நீங்கள் சைக்கிளோடு கீழே இறங்கி அக்கா வீட்டில் தங்குங்கள். காலையில் குளம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாயங்காலம் சமதளத்தில் சைக்கிளோ ஓட்டமோ. தண்ணீரும் சமதளமும் வெயிலும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். வெயில் உடம்புக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். ஆரம்பத்தில் வியர்வை கொட்டும், இதயம் படபடக்கும், வழக்கமான வேகத்தில் பாதிதான் வரும். மெல்ல மெல்ல வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், துடிப்பும் அடங்கும். இந்தப் பழக்கம் சில வாரங்களில் கரைந்துவிடும் என்பதையும் மனதில் வையுங்கள். போட்டி நாள் தள்ளி இருந்தால் அதற்கு முன் மறுபடி சில நாள் கீழே இருக்க வேண்டும்.

கோவைப் பக்கம் கட்டணக் குளங்கள் இருக்கின்றன. பெண்களுக்கென்று தனி நேரம் வைத்திருக்கும் குளத்தை விசாரியுங்கள். உடை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கக் கூச்சப்பட்டிருப்பீர்கள் என்று தெரியும், பத்துப் பேரில் எட்டுப் பேர் அப்படித்தான். முழங்கால் வரையோ கணுக்கால் வரையோ வரும் லைக்ரா நீச்சல் உடை கிடைக்கிறது, அதையே போடுங்கள். பருத்தியில் எதுவும் வேண்டாம், தண்ணீர் குடித்துக் கல்லாகிவிடும். குப்புற மிதந்து கையை மாற்றி மாற்றி வீசும் ஃப்ரீஸ்டைல் மட்டும் கற்றால் போதும். முதல் வாரம் குமிழி, மிதத்தல், காலால் தண்ணீரை உதைப்பது. இரண்டாம் வாரம் கையும் பக்கவாட்டு மூச்சும். மூன்றாம் வாரத்தில் 25 மீட்டர் குளத்தின் நீளத்தை நிற்காமல் ஒரு முறை கடந்தால் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். 750 மீட்டர் என்பது அப்படி 30 நீளம். ஒரு நீளம் போனவர் 30-ஐ எட்டுவது நாள் கணக்கு மட்டும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருப்பேன். குளம் கிடைக்கவில்லை என்று எமரால்டு, அவலாஞ்சி, பைக்காரா அணைப் பக்கம் போய் இறங்கக் கூடாது. அவை மின்சாரத்துக்காகக் கட்டிய அணைகள், கரை சரிவு, ஆழம் அதிகம், தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கும். குளிர்ந்த நீரில் திடீரென்று இறங்கினால் முதல் ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு நம் சொல்படி கேட்காது, தானாக இழுக்கும், அந்த நேரத்தில் முகம் உள்ளே இருந்தால் தண்ணீரைத்தான் இழுப்போம். ஊட்டி ஏரி படகுக்கு மட்டும்தான். மேட்டுப்பாளையத்தில் பவானி அமைதியாகத் தெரியும், பில்லூர் அணையில் திறந்துவிட்டால் நின்ற இடத்தில் நீர் ஏறிவிடும். வருடா வருடம் செய்தியில் பார்க்கிறோம். திறந்த நீரில் நீந்திப் பழக வேண்டிய கட்டம் வரும். அதை போட்டிக்கு ஒரு மாதம் முன்னால், பயிற்சியாளரோடும் மிதவையோடும் துணைக்கு ஆளோடும் செய்யலாம். டிரையத்லானில் நீச்சலை முதலில் வைப்பதும் உயிர்ப் பயத்தினால்தான். 1974 செப்டம்பர் 25-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் இந்தப் பெயரில் நடந்த முதல் போட்டியில் 46 பேர் கலந்துகொண்டபோது ஓட்டம்தான் முதலில் வந்தது. களைத்த ஆளைத் தண்ணீரில் இறக்கக் கூடாது என்பதால் இன்றைக்கு வரிசை மாறி நிற்கிறது.

சைக்கிளுக்கு வருகிறேன். ஒரு லட்சம் வேண்டாம், தூசி தட்டினால் போதும். பிரேக் சரியாக வேலை செய்து, ஹெல்மெட் இருந்தால், ஸ்பிரிண்ட் போட்டிகள் பெரும்பாலானவற்றில் இந்த மாதிரி சைக்கிளோடு ஆட்கள் வருகிறார்கள். பதிவு செய்யும் முன் விதியை மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள். செலவு செய்துதான் தீர வேண்டும் என்றால் டயரை மாற்றுங்கள். முள் முள்ளாக இருக்கும் டயருக்குப் பதில் அதே அளவில் வழவழப்பான ரோடு டயர் போட்டு, பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவுக்குக் காற்று அடித்தால், சைக்கிளே வேறு மாதிரி ஓடும். ஒரு லட்சத்தில் மிச்சம் இருக்கும் பணத்தை நீச்சல் கோச்சுக்குக் கொடுங்கள்.

அடுத்து சீட் உயரம். உங்கள் முழங்கால் கதைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். குதிகாலை பெடல் மேல் வைத்துக் கீழ்க்கோடி வரை தள்ளுங்கள். அங்கே கால் நேராக நீள வேண்டும். முழங்கால் மடங்கியே இருந்தால் சீட் தாழ்வு. இடுப்பு ஒரு பக்கம் சரிந்தால் உயரம் அதிகம். இதைச் சரிசெய்துவிட்டு மிதிக்கும்போது முன்பாதத்தை பெடலில் வைத்தால் தேவையான அளவு மடக்கு தானாக வரும். நம் ஊரில் "கால் தரையில் படணும்" என்று சீட்டை இறக்கி வைத்துவிடுவார்கள். முன்பக்க முழங்கால் வலியோடு வரும் சைக்கிள்காரர்களிடம் நான் முதலில் கேட்பது எக்ஸ்ரே இல்லை, சைக்கிளைத்தான்.

மலையிறக்கம் பயிற்சிக்கு உதவாது. மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டர் இறங்கினேன் என்று பெருமையாகச் சொல்லலாம், மிதித்தது என்னவோ மூன்று கிலோமீட்டர்தான் இருக்கும். ஆபத்து வேறு. பத்து வருடம் முன்னால் நானே குன்னூரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு. பயத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தேன். பர்லியாறு நெருங்கும்போது ரப்பர் கருகும் வாடை. லாரியிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். சாலையில் குரங்குக் கூட்டம் உட்கார்ந்திருந்ததால் வேகத்தைக் குறைத்தேன், அந்த நேரத்தில் முன்சக்கர டியூப் படார் என்று வெடித்தது. இறங்கி ரிம்மைத் தொட்டுப் பார்த்தால் தோசைக்கல். பிரேக் கட்டை உரசி உரசி ரிம் சூடேறி டியூப்பை வெடிக்க வைத்திருக்கிறது. குரங்குகளுக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

அதனால் இறங்கியே ஆக வேண்டும் என்றால், வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாக அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள், நேரான பாதையில் ரிம் ஆற நேரம் கொடுங்கள். பாதி வழியில் நின்று டீ குடியுங்கள். மே மாதம் அக்கா வீட்டுக்குப் போகும்போது இதுவும் வேண்டாம். சீசனில் கோத்தகிரி பாதையை இறங்கும் வண்டிகளுக்கென்று ஒருவழியாக்கிவிடுவார்கள், சுற்றுலா வண்டி அத்தனையும் உங்கள் முதுகுக்குப் பின்னால் வரும். கேரட் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் பிக்கப் தெரிந்தவர்களுடையது இருந்தால் சைக்கிளை அதில் போட்டு அனுப்புங்கள், நீங்கள் பஸ்ஸில் போங்கள்.

அதுவரை இங்கேயே மிதிக்கக் கோடநாடு சாலை நல்லது. தேயிலைத் தோட்டம் நடுவே ஏறி இறங்கிப் போகும், மேட்டுப்பாளையம் மலைப்பாதை மாதிரி ஒரே சரிவு கிடையாது. வாரம் ஒரு நாள் 40 நிமிடத்தில் தொடங்குங்கள். மேட்டில் கனமான கியரில் முக்கி முக்கி மிதிக்காமல், கியரைக் குறைத்து லேசாக, வேகமாகக் காலைச் சுற்றுங்கள். முழங்காலுக்கும் நல்லது, போட்டியில் இறங்கி ஓடப்போகும் காலுக்கும் நல்லது. விடிவதற்கு முன் கிளம்ப வேண்டாம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரடியும் காட்டெருமையும் தோட்டத்துக்குள் திரும்பும் நேரம் உங்களுக்கே நன்றாகத் தெரியும். காதில் ஹெட்போன் மட்டும் கூடாது.

முழங்கால். இறக்கத்தில் ஓடும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டும், அது களைத்ததும் சுமை முழங்கால் சில்லுக்குப் போகும். நீங்கள் சொல்லும் இடத்தை வைத்துப் பார்த்தால் அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் நேரில் தொட்டுப் பார்க்காமல் முடிவாகச் சொல்ல மாட்டேன். வீக்கம் இருந்தாலோ, மடக்கும்போது சிக்கிக்கொண்டாலோ, இரவில் வலித்தாலோ ஒரு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அதில்லை என்றால் இதைச் செய்யுங்கள். பள்ளிக்கூடப் படி ஒன்றின் ஓரத்தில் வலது காலில் நில்லுங்கள். இடது குதிகால் கீழ்ப் படியைத் தொடும் வரை, மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். தொட்டதும் ஏறுங்கள், இடது காலில் பாரம் போடக் கூடாது. கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் நல்லது: வலது முழங்கால் உள்பக்கம் சாயாமல் இரண்டாவது கால்விரலுக்கு நேராகப் போக வேண்டும். சாய்ந்தால் படி உயரம் அதிகம், ஒரு செங்கலில் ஆரம்பியுங்கள். பத்துப் பத்தாக மூன்று முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு காலுக்கும். ஆறு வாரம் பொறுமை வேண்டும். அதுவரை ஏற்றத்தில் ஓடுங்கள், இறக்கத்தில் நடந்து வாருங்கள். மறுபடி இறக்கத்தில் ஓடத் தொடங்கும்போது குட்டிக் குட்டி அடியாக வையுங்கள். நீட்டி வைக்கும் ஒவ்வொரு அடியும் முழங்காலுக்கு ஒரு பிரேக்.

சைக்கிளிலிருந்து இறங்கியவுடன் ஓடுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். பிரிக் என்பார்கள், செங்கல்தான். முதல் தடவை செய்யும்போது பெயர்க் காரணம் தொடையில் தெரிந்துவிடும். இத்தனை நேரம் வட்டமாகச் சுற்றிய கால் தரையில் மரக்கட்டையாக விழும். ஐந்தாறு நிமிடத்தில் சரியாகும். பத்து நாளுக்கு ஒருமுறை சைக்கிள் முடித்த கையோடு ஒரு கிலோமீட்டர் ஓடிவிட்டு வீட்டுக்குள் போங்கள், போதும்.

நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் இடத்தை டிரான்சிஷன் என்கிறார்கள். அதில் மறக்கக் கூடாத விதி, ஸ்டாண்டிலிருந்து சைக்கிளைத் தொடும் முன் ஹெல்மெட்டை மாட்டிக் கொக்கியைப் போட்டிருக்க வேண்டும், திரும்பி வந்து சைக்கிளை வைத்த பிறகுதான் கழற்ற வேண்டும். என் முதல் போட்டியில் இதை அவ்வளவு மனப்பாடம் செய்திருந்தேன், கழற்றவே மறந்துவிட்டேன். ஹெல்மெட்டோடு அரை கிலோமீட்டர் ஓடியிருப்பேன். தண்ணீர் கொடுத்த பையன், "அக்கா, தலை!" என்று கத்தினான். வீட்டு முற்றத்தில் ஒரு துண்டை விரித்து, ஹெல்மெட், ஷூ, சாக்ஸ், போட்டி எண்ணை மாட்டி இடுப்பில் கட்டும் நம்பர் பெல்ட் என்று அடுக்கி, ஈரக்காலோடு வந்து மாட்டிப் பழகுங்கள். ஈரத்தில் சாக்ஸ் ஏறவே ஏறாது, கொஞ்சம் பவுடர் போட்டு வைத்தால் ஏறும். சைக்கிளில் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு காற்றில்லாமல் போவதற்குப் பெரும்பாலான போட்டிகளில் தடை இருக்கிறது, தண்டனை நேரம் போடுவார்கள்.

சாப்பாட்டைப் பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை. புரோட்டீன் டப்பா, ஜெல் எதுவும் இந்தத் தூரத்துக்குத் தேவையில்லை. போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னால் நான்கு இட்லி, ஒரு வாழைப்பழம். வர்க்கியும் டீயும் மட்டும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது நம் ஊர் வழக்கம், அன்றைக்கு வேண்டாம். தண்ணீருக்கு ஒரு எளிய கணக்கு: மே மாதம் கீழே ஒரு மணி நேரம் ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. குளிரில் பழகியவர்கள் தாகம் எடுக்கும் வரை குடிக்க மாட்டோம். அந்த எண் தெரிந்தால் பாட்டிலில் எவ்வளவு வைப்பது என்று தெரியும். அதற்காக வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்துவிடக் கூடாது, அதுவும் ஆபத்து. உப்பு போட்ட மோரோ எலுமிச்சை ஜூஸோ கூடவே வேண்டும்.

இப்போதிலிருந்து ஏப்ரல் வரை வாரத்துக்கு இரண்டு ஓட்டம், ஒரு சைக்கிள், தினமும் பேசின், ஒரு நாள் விட்டு ஒரு நாள் படியில் இறங்கி ஏறும் பயிற்சி. ஓடும்போது பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். பள்ளிக்கூடத்தில் தேர்வு வரும், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும், வாரம் ஒன்று போகும். போனதைப் பிடிக்க அடுத்த வாரம் இரட்டிப்பாக்காதீர்கள். அப்படி இரட்டிப்பாக்கியவர்களை வைத்துத்தான் என் கிளினிக் ஓடுகிறது. மே, குளம். ஜூனில் திரும்பி வந்ததும் மாதம் இரண்டு முறை அக்கா வீட்டுக்குப் போய்த் தண்ணீரை மறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர்ப் பக்கம் கொட்டும்போதும் கோத்தகிரி ஓரளவு தப்பிக்கும், உங்கள் நல்ல மாதங்கள் அவை. அக்டோபர் பிடித்தால் வடகிழக்கு மழை நேராக நம் சரிவில்தான் இறங்கும், மண்சரிந்து பாதை மூடும். அதனால் செப்டம்பருக்குள்ளோ, இல்லாவிட்டால் மழை முடிந்து ஜனவரி பிப்ரவரியிலோ சமவெளியில் நடக்கும் ஒரு போட்டியைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தால் நீச்சல் குளத்திலேயே நடக்கும் போட்டி.

தம்பியிடம் கோவாவுக்கு இரண்டு வருடம் தவணை சொல்லுங்கள். அதுவரை ரோடு பைக்கை அவரே வாங்கி ஓட்டட்டும், அப்போது இரவல் கேட்கலாம்.

மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகு மே மாதத்துக்கு நாள்வாரியாக எழுதித் தருகிறேன்.